பத்துக்கு எத்தினை?

நாலு என்று சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. கேட்டாள், சொன்னார். பூச்சியத்திலிருந்து பத்துக்குள் உங்கள் நோவுக்கு எத்தனை கொடுப்பீர்கள் என்று அந்த ஊதாச் சட்டை நேர்ஸ் இங்கிலிஷில் கேட்க, சபாநாயகம் மாஸ்ரர் கண்ணை மூடி, வயிற்றுக்குள் இறங்கி, ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்து, ஓரவஞ்சகம் இல்லாமல் நாலு போட்டார். நடு வயிற்றில் இறுக்கிப் பிடித்த ஒரு பிடி, அது முதுகுப் பக்கம் போய் அங்கே ஒரு இழுவை. அதுக்கு நாலு காணும், போதும். அவள் அதைக் கொம்பியூட்டரில் தட்டி, கையில் ஒரு பிளாஸ்டிக் பட்டியைச் சுற்றி, போய் இருங்கோ, கூப்பிடுவம் என்று கதிரைகளைக் காட்டினாள். காலமை பல் விளக்கப் போன இடத்தில் மடங்கி இருந்த மனுசன், இப்ப மத்தியானமும் தாண்டி, ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் நிலத்தோடு பூட்டின ஒரு கதிரையில் இருக்கிறார். அவசரப் பிரிவாம். இந்த அவசரத்துக்கு மாட்டுவண்டி பிடிச்சே வந்திருக்கலாம். அவருக்குப் பின்னால் வந்த எத்தனை சனம் உள்ளே போய்விட்டது. போகட்டும், எல்லாம் பத்துக்காரர். விரலில் முள்ளுக் குத்தினாலும் பத்து, மூக்கில் சளி வடிந்தாலும் பத்து. ஊரில் முப்பது வருசத்துக்கு மேலே இங்கிலிஷ் படிப்பித்து, கட்டுக்கட்டாய்க் கொம்பொசிஷன் திருத்தின கை இது. ஒரு பிள்ளைக்கும் ஏழுக்கு மேலே போட்டறியாத கை. ஏழே அருந்தலாய், எப்பவாவது ஒருக்கால்தான். பத்துப் போட்டால் பிறகு அந்தப் பிள்ளை என்னத்தைப் படிக்கிறது? அதுக்கு அங்காலை என்னத்தைப் போடுறது? இந்தச் சனத்துக்கு அந்த யோசினையே இல்லை. எடுத்த வாக்கில் பத்து.

காரில் வரும்போதே மகள் கௌசலா படிச்சுப் படிச்சுச் சொன்னவள். "அப்பா, பத்துக்கு எத்தினை எண்டு கேட்பினம். பத்து எண்டு சொல்லுங்கோ. வாய் வராட்டில் ஒன்பது எண்டாவது சொல்லுங்கோ." விடையைச் சொல்லிக் கொடுத்து எழுதுகிற சோதனையை அவர் ஊரில் ஒருநாளும் நடத்தினதில்லை. அவள் காரை விட இடம் தேடிப் போன நேரத்தில் அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள், நாலும் விழுந்துவிட்டது. வந்து கேட்டாள், தலையில் கை வைத்தாள். "நாலோ? ஐயோ அப்பா! உங்கடை நாலு என்னெண்டு எனக்குத் தெரியும், அந்த நேர்ஸுக்குத் தெரியுமே? இருங்கோ, நான் போய் மாத்திச் சொல்லிப்போட்டு வாறன்." கையில் பிடித்து இழுத்து இருத்தினார். "போட்ட மார்க் போட்டதுதான். என்ரை வயிறு, நான்தான் சோதினைகாரன். பேசாமல் இரு." இருந்தாள், முகத்தை நீட்டிக்கொண்டு. காப்புறுதிக் கொம்பனியில் பத்துப் பேரை வைத்து வேலை வாங்குகிறவள், இரண்டு பிள்ளை பெற்றவள், ஆனால் முகத்தை நீட்டுறது மட்டும் எட்டாம் வகுப்பில் நீட்டின அதே நீட்டு. எட்டாம் வகுப்பில் அவரிடம்தான் படித்தாள். மழை நாள் பற்றி ஒரு கொம்பொசிஷன், ஐந்தரை போட்டார். அந்த வகுப்பில் அதுதான் கூடின மார்க். அதுக்கும் அழுதுகொண்டு தாயின் சீலையில் போய் மூக்கைத் துடைத்தாள். இங்கே வந்து யூனிவர்சிற்றியில் தொண்ணூற்றாறு என்று துள்ளிக்கொண்டு வந்து நீட்டினபோது, "தாள் திருத்தினது ஆர்?" என்று கேட்டார். கேட்கத்தானே வேணும்? பேரைப் பிழையில்லாமல் எழுதினால் பாதி மார்க்கைத் தூக்கிக் கொடுக்கிற தேசம். பிள்ளை சப்பாத்துக்கு முடிச்சுப் போட்டால் அமேசிங். நாய் காலைத் தூக்கி மூத்திரம் பெய்தால் குட் பாய். அன்றைக்குப் பிறகு அவள் ஒரு மார்க்கையும் கொண்டு வந்து காட்டினதில்லை. அது அவளுடைய குணம். தகப்பன் கேட்டதில் என்ன பிழை? சரி, அந்தக் கதை இப்ப ஏன். அவளுடைய புருசன் லொறியோடு வின்னிபெக் பக்கம் போயிருக்கிறான், பிள்ளைகளை நீச்சல் வகுப்பிலிருந்து ஏற்றி வீட்டில் விட வேணும். "ஓடிப்போட்டு ஓடி வாறன். நோ கூடினால் உடனை போய்ச் சொல்லோணும், சரியோ? வெக்கப்படாதேங்கோ." ஆர் வெக்கப்படுறது? போ, போ என்று கையைக் காட்டினார். அவள் கண்ணாடிக் கதவைத் தாண்டிப் பனிக்குள் இறங்கின பிறகு பிடி கொஞ்சம் இறுகினது. நாலரை. சரி, அஞ்சு என்றே வைத்தாலும் எழும்பிப் போய்ச் சொல்லுகிற அளவுக்கு இல்லை.

எதிர்ச் சுவரில் ஒரு படம். வரிசையாய் வட்ட முகங்கள். முதல் முகம் சிரிக்கிறது, கடைசி முகம் கண்ணீர் விட்டு அழுகிறது, கீழே பூச்சியம் தொடங்கிப் பத்து வரை. நோவைக் காட்ட முகமாம். பாலர் வகுப்புப் பிள்ளை இதை விட நன்றாய்க் கீறும். படத்துக்கு மூன்று போடலாம், அதுவும் கொம்பசால் வட்டத்தை ஒழுங்காய்க் கீறினதுக்கு. அந்த அழுகிற முகத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நோவென்றால் இப்படியோ இருக்கும்? நோகிறவன் கடைவாய்ப் பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பான், கண்ணாலே தண்ணி விடமாட்டான். விட்டால் அடுத்தவன் என்ன சொல்லுவான்? இங்கே அடுத்தவன் ஒன்றும் சொல்லமாட்டான், அதுதான் இந்த ஊரின் கெட்டித்தனம். ஹவ் ஆர் யூ என்று கேட்பான், காலை நிறுத்தாமல் நடந்துகொண்டே கேட்பான், குட் என்று நீ சொல்லி முடிக்க முதல் ஆள் அடுத்த தெருவுக்குப் போயிருப்பான். வந்த புதிதில் ஒருநாள் பக்கத்து வீட்டுக்காரன் அப்படிக் கேட்க, மாஸ்ரர் மினக்கெட்டு நின்று, இரவில் நித்திரை இல்லை, முழங்கால் உளைவு, ஊரில் தமக்கைக்குச் சுகமில்லை என்று நல்ல இலக்கண சுத்தமாய் எடுத்துச் சொன்னார். அந்த மனுசன் தீயணைப்புப் படையைக் கூப்பிட வேணுமோ என்கிற மாதிரி முழிச்சான். கேள்வி கேட்டால் விடை எழுதத்தானே வேணும்? விடை வேண்டாத கேள்வியை ஏன்டா வினாத்தாளில் போடுறாய்? அதற்குப் பிறகு அவரும் பழகிவிட்டார். குட், குட், யூ? இருபது வருசமாய் குட். மனைவி நேசமலர் போய் எட்டாம் நாளும் குட். இப்ப வயிற்றுக்குள் ஆரோ துணி பிழிகிற மாதிரி முறுக்கிக்கொண்டு வர, அதே சனம் பத்துக்கு எத்தினை என்று கேட்கிறது. அஞ்சரை. போய்த் தொலை, அஞ்சரை.

"மாஸ்ரர்! நீங்களோ?" என்று ஒரு குரல். திரும்ப முதலே ஆரென்று தெரிந்தது. கோயில் அன்னதானப் பந்தியில் முதல் வரிசையில் இருந்து கடைசி வரிசை வரைக்கும் சாப்பிடுகிற பரிமளகாந்தி. முழங்காலைப் பிடித்துக்கொண்டு பக்கத்துக் கதிரையில் தொப்பென்று விழுந்தாள். விழுந்த கையோடு பையைத் திறந்து ரோல்ஸ் ஒன்றை எடுத்துக் கடித்தாள். பழைய எண்ணெய் மணம் வர மாஸ்ரர் முகத்தை அங்காலை திருப்பினார். "என்ன செய்யுது? வாயுவே? முகம் வெளிறிப்போய்க் கிடக்கு. எத்தினை சொன்னனீங்கள்?" இந்தக் கேள்விதான் இந்த ஊரில் இப்ப சுகம் விசாரிக்கிற முறை போலே. "நாலு," என்றார். பரிமளகாந்தி ரோல்ஸை வாயிலிருந்து எடுத்தாள். "நாலோ? விசரே உங்களுக்கு? நாலு சொன்னால் நாய் கூடத் திரும்பிப் பாக்காது. நான் பத்துச் சொன்னனான். போன முறை பல்லு நோவுக்கும் பத்துத்தான். அழுத பிள்ளைதான் மாஸ்ரர் பால் குடிக்கும். கனடாவிலை இருந்தும் இது தெரியாதே?" அந்த நேரம் ஊதாச் சட்டை ஒன்று கடந்து போனது. பரிமளகாந்தி ரோல்ஸைப் பைக்குள் போட்டுவிட்டு, "அம்மா! ஐயோ! மை லெக்!" என்று கூரை பிரிகிற மாதிரிக் கத்தினாள். ஊதாச் சட்டை போன பிறகு ரோல்ஸைத் திரும்ப எடுத்தாள். வெக்கம் கெட்ட சீவன். கொஞ்ச நேரத்தில் பேர் கூப்பிட்டார்கள். நொண்டி நொண்டிப் போனாள், அதுவும் முதலில் வலக் காலால், பிறகு கதவடியில் இடக் காலால் நொண்டினாள், அதைப் பார்க்க ஆள் இல்லை. கதவுக்குள் நுழைய முதல் திரும்பி அவரைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். சோதினையில் பார்த்து எழுதிவிட்டு முதலாம் பிள்ளையாய் வந்தவளின் சிமிட்டு. மாஸ்ரருக்கு உடம்பெல்லாம் கூசினது. இதுகளோடுதான் இந்த வயதில் ஒரு கோட்டில் நிற்க வேண்டியிருக்கிறது. எங்கடை சனமே இப்படியென்றால் வெள்ளைக்காரனை என்ன குறை சொல்லுறது. பிள்ளைக்கு ஒரு வயது முடியக் கலியாண ஹோல் பிடித்துப் பலூனால் வளைவு கட்டி, சாமத்தியப்பட்டுப் பெரியபிள்ளையான பெட்டையை வீதி நீளக் காரில் ஏற்றி இறக்கி, ஆர் வீட்டு விலை எவ்வளவு ஏறினது என்று சாப்பாட்டு மேசையில் வாய் நிறையச் சோற்றோடு பேசி... எல்லாரும் எல்லாத்துக்கும் பத்துத்தான்.

காலை நீட்டினால் கொஞ்சம் சுகமாய் இருக்கும்போல் இருந்தது. நீட்டினார். முன்னுக்கு இருந்தவனின் காலில் சப்பாத்து நன்றாய் இடித்துவிட்டது. ஹொக்கி விளையாட்டுக்காரரின் சேட்டு ஒன்றைப் போட்டுக்கொண்டு, வீங்கின கையில் உறைந்த பட்டாணிப் பையை வைத்துக் கட்டியிருந்த ஒரு வெள்ளைக்காரன். "சொறி," என்றான் அவன். இடித்தது இவர், மன்னிப்புக் கேட்டது அவன். இந்தச் சொறி மாஸ்ரருக்குப் பெரிய எரிச்சல். சுவரில் மோதினால் சுவருக்கும் சொல்லுவார்கள். செய்யாத பிழைக்கு நாள் முழுக்க மன்னிப்பு, செய்த பிழைக்கு ஒரு பலகை. அந்தா, கதவுக்குப் பக்கத்தில் தொங்குகிறது பலகை: இந்த நிலம் ஆதிக்குடிகளான இன்னார் இன்னாருடையது, நாங்கள் அதில் நிற்கிறோம் என்று நன்றியோடு ஒத்துக்கொள்கிறோம். பறிச்சதைப் பறிச்சது என்று அழகான எழுத்தில் எழுதிக் கொழுவிவிட்டு, அதுக்குக் கீழே கதிரையைப் போட்டு இருந்து கோப்பி குடிக்கிற சனம். திருப்பிக் கொடுக்கிற எண்ணம் இருந்தால் பலகை எதுக்கு? காணி பறிபோன மனுசருக்குத் தெரியும் இந்தப் பலகை எத்தனை மார்க் பெறும் என்று. "நீங்கள் சரியாய் இருக்கிறீங்களா, படி?" என்று கேட்டான் பட்டாணிக்காரன். படியாம், கூட்டாளியாம். ஆரடா உனக்குப் படி? "பர்ஃபெக்ட்லி வெல், தாங்க் யூ," என்றார் மாஸ்ரர். சொல்லும்போது மேலுதட்டில் வேர்வை உருண்டு வாய்க்குள் போனது, உப்பாய் இருந்தது. வெளியே மார்கழிப் பனி கொட்டுகிறது, உள்ளே இவருக்கு வேர்க்கிறது. அவன் விடவில்லை. ஊதாச் சட்டை ஒன்றைக் கை காட்டிக் கூப்பிடப் பார்த்தான், அவருக்கு வேர்க்கிறது, பாருங்கள் என்றான். "ஐ ஆம் குவைற் ஓல் றைற்!" என்று மாஸ்ரர் போட்ட போட்டில் அவன் அடங்கிவிட்டான். "சொறி," என்றான் திரும்பவும். தன்னுடைய பட்டாணியைப் பார்த்துக்கொள்ளட்டும்.

ஆறு. ஆறு வந்துவிட்டது என்பதை அவர் கொஞ்ச நேரம் ஒத்துக்கொள்ளவில்லை. அஞ்சே முக்காலில் நிறுத்தி வைத்திருந்தார். நேசமலர் இருந்திருந்தால் சிரிச்சிருப்பாள். குழம்பு எப்படி இருக்கு என்று கேட்பாள், ஆறு என்பார். "ஆறோ? கருவாடு கறிச்சட்டியிலை இருந்து எழும்பி வந்து உங்கடை காலிலை விழுந்திருக்கோணும், அப்ப ஏழு போடுவியள்," என்பாள். நோகாமல் நித்திரையிலேயே போய்ச் சேர்ந்தாள், ஒருத்தரும் அவளிடம் எத்தினை என்று கேட்கவில்லை. குடுத்து வைச்சவள். இது என்ன இது? வயிற்றுக்குள் ஒரு துடிப்பு. நெஞ்சு துடிக்கிறது வேறை, இது கீழே, தொப்புளுக்கு மேலே, தனக்கெண்டொரு துடிப்பாய்த் துடிக்கிறது. கையை வைத்துப் பார்த்தார், உடனே எடுத்துவிட்டார். தொட்டதை ஆரும் கண்டுவிட்டார்களோ என்று சுற்றிப் பார்த்தார். ரீவியில் சத்தமில்லாமல் காலநிலை சொல்கிறார்கள், நாளைக்கும் பனியாம், அதைச் சொல்ல ஒருத்தி கோட்டுப் போட்டு நிற்கிறாள். குளிர்காலத்தில் பனி கொட்டும் என்பதை நாடு முழுக்கப் புதினமாய்ப் பேசுகிறது. முன்பென்றால் குடும்ப டொக்டரிடம் போயிருக்கலாம், நல்ல மனுசன், கையால் அமத்திப் பார்க்கிறவர். அவர் இளைப்பாறி வீட்டுக்குப் போய்விட்டார், இப்ப அந்த நம்பருக்கு அடித்தால் ஒரு மெஷின் நன்றி சொல்லுகிறது. புது டொக்டர் எடுக்கிறதை விட மகளுக்கு மாப்பிள்ளை எடுக்கிறது சுகம், சாதகமாவது பார்க்கலாம். ஆனால் வாயைத் திறந்தால் எங்கடை நாட்டில் வைத்தியம் இலவசம் என்று பெருமை. ஓம், இலவசம்தான். இருக்கிற கதிரை இலவசம், பார்க்கிற சுவர் இலவசம். துடிப்பு நிற்கவில்லை. கால் விரல் குளிர்ந்துகொண்டு வந்தது. பயமோ? சபாநாயகத்துக்குப் பயமோ? ஷெல் விழுந்த நேரத்தில் மேசைக்குக் கீழே இருந்து ஏ லெவல் பேப்பர் திருத்தின ஆள். ஓம், பயம்தான். இப்ப பயமாய்த்தான் இருக்கிறது. கௌசலா ஏன் இன்னும் வரவில்லை? அந்தச் சனியன் பிடிச்ச நீச்சல் எப்ப முடியும்?

எழும்பிப் போய்ச் சொன்னால் என்ன? கதிரையின் கையைப் பிடித்து எழும்பினார். நிலம் ஒரு பக்கம் சரிந்து திரும்பவும் நேரே வந்தது. மேசை கிட்டத்தான், நடுவில் ஒருத்திதான் நிற்கிறாள். அவள் தன் பூனை பிறாண்டின கையைக் காட்டி, எய்ட், மேபி நைன் என்கிறாள். பூனை. ஒன்பது. மாஸ்ரர் அவளுக்குப் பின்னால் நின்றுகொண்டு வசனத்தை ஒழுங்கு பண்ணினார். ஐ விஷ் டு றிவைஸ். மூன்று மணித்தியாலத்துக்கு முதல் நான் கொடுத்த மார்க்கை நான் திருத்த விரும்புகிறேன். இதைச் சொல்லத்தான் அவர் வாய் பழகவில்லை. ஊரில் சோதினை முடிவு வந்தால் தாய் தகப்பன் வாழைக்குலையோடு படலைக்கு வருவார்கள், மாஸ்ரர், ஒருக்கால் திரும்பப் பாருங்கோ, பிள்ளையின்ரை எதிர்காலம். கொழும்புக்கு ரீகரெக்‌ஷனுக்கு எழுதிப் போடுகிறவர்களும் உண்டு. போடட்டும். வாழைக்குலையைத் திருப்பித் தூக்க வைத்து அனுப்பினார், ஒரு அரை மார்க்கைக் கூட அசைத்தறியார். திரும்பப் பார்த்து மாற்றினால் முதலில் பார்த்தது பிழையென்று ஆகிவிடும். முதலில் பார்த்தது பிழையென்றால் பிறகு அந்த முப்பது வருசமும் என்ன? அந்தக் கட்டுக்கட்டான தாள்களெல்லாம் என்ன? பூனைக்காரி விலகினாள். மேசைக்குப் பின்னால் இருந்தவள் நிமிர்ந்து, ஹாய், ஹவ் ஆர் வீ டூயிங்? என்று கேட்டாள். வீயாம். இவளுக்கும் சேர்த்தோ நோகுது? மாஸ்ரர் வாயைத் திறந்தார். "குட்," என்று வந்தது. அதுதான் வந்தது. இருபது வருசத்துப் பழக்கம் முந்திக்கொண்டு வந்துவிட்டது. கழிப்பறை எங்கே என்று கேட்டார், காட்டினாள், அங்கே போகாமல் கதிரைக்கே திரும்பி வந்தார். அட சபாநாயகம், உன்னை மாதிரி ஒரு மூதேவி இந்த ஹோலிலேயே இல்லை. அந்தப் பூனைக்காரி கூட உன்னை விட விளக்கமாய் எழுதியிருக்கிறாள்.

இருந்த உடனே அது வந்தது. முதுகுக்குள் ஆரோ காய்ச்சின அகப்பைக்காம்பை விட்டு நெம்பின மாதிரி வந்தது. மாஸ்ரரின் பல் ஒன்றோடு ஒன்று நெரிந்தது. மூச்சை எடுத்தார், அரைவாசிதான் வந்தது. பட்டாணிப் பை ஒன்று, பிறகு இரண்டு பட்டாணிப் பை தெரிந்தது. அழுகிற வட்ட முகத்தைத் தேடினார், அதையாவது ஒருக்கால் திட்டலாம் என்று, சுவர் எங்கேயோ போயிருந்தது. ஊதாச் சட்டை முன்னால் குனிந்து நின்றது. காத்திருக்கிற எல்லாரிடமும் திரும்பக் கேட்டு வருகிறாளாம். உங்கள் நோ இப்ப பத்துக்கு எத்தனை? மாஸ்ரர் கண்ணை மூடினார். இந்த நேரத்திலும் அவர் உள்ளே இறங்கிப் பார்த்தார், அவருக்கு வேறுமாதிரித் திருத்தத் தெரியாது. இதை விடப் பெரிசு ஒன்று இருக்குமோ? இருக்கலாம். எலும்போடு தோலை உரிச்சால், பெற்ற பிள்ளையை ஷெல்லுக்குக் கொடுத்தால். அதுக்கு மேலே இடம் விட வேணும். இடம் விட்டு, தன்னுடைய கை ஒருபோதும் தாண்டாத கோட்டில் வந்து நின்றார். "செவன்," என்றார். சொல்லிவிட்டு நாணிக் கண்ணைத் திறந்தார், என்ன நடக்கப் போகிறதோ என்று. "செவன், ஓகே," என்று அவள் தட்டினாள். "ஒரு நிமிசத்தில் வந்து பிரஷர் பார்க்கிறேன்." வாசலில் அம்புலன்ஸ் ஒன்று வந்து நிற்க அங்கே ஓடினாள். அவ்வளவுதான். ஏழு! சபாநாயகம் மாஸ்ரர் ஏழு போட்டுவிட்டார், ஒரு இலை அசையவில்லை. ஏழாம் நம்பர் பஸ்ஸுக்குக் கொடுக்கிற மரியாதை கூட இல்லை. பூனை ஒன்பது, முழங்கால் பத்து, நான் ஏழு. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. சாகலாம் என்று நினைத்தார். இந்தச் சனத்துக்கு நடுவில், இந்தப் பலகைக்குக் கீழே, பத்துக்கு ஏழோடு.

கண்ணாடிக் கதவு திறந்த குளிரில் மகளின் வாசம் வந்தது. கோட்டில் பனியோடு, கையில் கோப்பியோடு கௌசலா முன்னால் குந்தினாள். "அப்பா? என்னப்பா இது, இப்படி வேர்க்குது? திரும்பக் கேட்டவையே? எத்தினை சொன்னனீங்கள்?" ஏச்சு விழும் என்று நினைத்தார். "ஏழு," என்றார். ஏச்சு விழவில்லை. கௌசலா அவருடைய முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்தரை வாங்கினவள், ஏழுக்கு என்ன செய்ய வேணும் என்று எத்தனையோ இரவு முழிச்சிருந்து படிச்சவள். கோப்பியைப் பட்டாணிக்காரனின் நல்ல கையில் திணித்தாள். எழும்பினாள். பிறகு அவள் போட்ட மாதிரி ஒரு சத்தத்தை மாஸ்ரர் தன் வாழ்நாளில் கேட்டதில்லை. "மை ஃபாதர் செட் செவன்! செவன்! டு யூ நோ வட் இற் மீன்ஸ்? அவர் ஏழு போடுறேல்லை! அவர் ஆருக்கும் ஏழு போடுறேல்லை! எனக்கே போடேல்லை! யூ இடியட்ஸ், அவர் சாகிறார், வந்து பாருங்கோடி!" இங்கிலிஷ் நடுவழியில் நின்றுவிட்டது, தமிழ்தான் மிச்சத்தை இழுத்துக்கொண்டு போனது. மேசைக்காரி எழும்பினாள். பட்டாணிக்காரனும் எழும்பி, நான் அப்பவே சொன்னேன், அவரைப் பாருங்கள் என்று சேர்ந்து கத்தினான். ஓடி வந்த ஊதாச் சட்டை பிரஷர் பார்க்கிற பட்டியைக் கையில் சுற்றி அமத்தி, மெஷினைப் பார்த்தாள், திரும்பவும் பார்த்தாள். அவள் முகத்தில் ஏதோ மாறினது. சுவரில் இருக்கிற முகங்களில் அப்படி ஒன்று இல்லை. பிறகு கட்டில் வந்தது, கைகள் வந்தன, மேலே லைட்டுகள் ஓடத் தொடங்கின. எங்கேயோ ஒரு திரைக்குப் பின்னால் இருந்து பரிமளகாந்தி, "மாஸ்ரரே? ஐயோ, மாஸ்ரரையே கொண்டு போகினம்?" என்று கேட்டாள். இந்த முறை மை லெக் என்று சொல்லவில்லை.

வெக்கக்கேடு, என்று நினைத்தார் மாஸ்ரர், மல்லாந்து ஓடிக்கொண்டே. பத்துப் பேர் பார்க்கச் சந்தைக் கத்தல். கௌசலா கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடி வந்தாள், ஒரு சப்பாத்துக் கழன்றுவிட்டது, அதைப் பொருட்படுத்தவில்லை. மூக்கு வடிந்தது, துடைக்கவில்லை. இந்த முகத்தை ஒருக்கால் ஒழுங்காய்ப் பார்க்க வேணும் போல் இருந்தது. இவ்வளவு நாளும் தாளைத்தான் பார்த்திருக்கிறார். மூக்கில் வைத்திருந்த மாஸ்கைக் கையால் இழுத்துக் கீழே விட்டார்.

"எட்டு," என்றார்.

"எட்டோ? கூடிட்டுதோ அப்பா?"

"நோவுக்கில்லை. உனக்கு. நீ போட்ட சத்தத்துக்கு." மூச்சு எடுக்க நேரம் பிடித்தது. "பத்துப் போட்டிருப்பன். இடியட் எண்டு பேசினனி, அதுக்கு ரெண்டு குறைச்சது."

கௌசலா அழுதாள். அழுகைக்கு நடுவில் ஏதோ சிரிப்பு மாதிரியும் வந்தது. அந்தப் பக்கம் பெரிய கதவு ஒன்று விரியத் திறந்தது, மகள் இதுக்கு மேலே வரக்கூடாது என்று ஆரோ கையை நீட்டி மறித்தார்கள். அவள் கம்பியை விடவில்லை.

"காணாது," என்றாள். "நான் ரீகரெக்‌ஷனுக்குப் போடுவன். நீங்கள்தான் இருந்து திருத்தோணும் அப்பா. வேறை ஆரிட்டையும் தாளைக் குடுக்க மாட்டன்."

போட்ட மார்க் போட்டதுதான் என்று சொல்ல மாஸ்ரர் வாயெடுத்தார். ஊதாச் சட்டை மாஸ்கைத் திரும்ப அவர் முகத்தில் இறுக்கினாள், சொறி, சொறி என்று சொல்லிக்கொண்டே. இந்த நேரத்திலும் சொறி. கட்டில் கதவைத் தாண்டினது. மாஸ்குக்குள்ளேயே, ஆருக்கும் கேட்காவிட்டாலும் பரவாயில்லை என்று, "பாப்பம்," என்றார். பிறகு அது காணாதென்று தோன்ற இன்னொரு தரமும் சொன்னார்.